ட்ரியாஜ்: தரம்பிரிப்பா, முறைவகுப்பா?

மருத்துவமனைக்கு வருகிறவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் வேலைக்கு ‘ட்ரியாஜ்’ என்று பெயர். மொரீஷியசில் வளர்ந்தவர்களுக்கு அது புதுச் சொல் இல்லை. அதன் வினைச்சொல் நம் அடுப்படியிலேயே புழங்குகிறது. எங்கள் ஆயா வெள்ளிக்கிழமை காலையில் வாசற்படியில் உட்கார்ந்து, மசூர் பருப்பை அலுமினியத் தட்டில் பரப்பி, விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்ப்பார். கல் ஒரு பக்கம். உடைந்த பருப்பு பால்டின் டப்பாவுக்குள், ரசத்துக்கு. முழுப் பருப்பு பானைக்கு. அந்த வேலைக்கு வீட்டில் ‘பொறுக்குதல்’ என்று யாரும் சொன்னதில்லை. பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் தீவுப் பேச்சுமொழியான கிரியோலின் சொல்தான்: ‘ட்ரியே’. ஆயா சாகும்வரை அதைத் தமிழ்ச் சொல் என்றே நினைத்திருந்தார்.

போன தவணையில் மேல்வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு பிரெஞ்சுக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். பெருந்தொற்று வந்தால் ராணுவ மருத்துவமனைகள் எந்த அளவுக்குத் தயாராக இருக்கின்றன என்று மதிப்பிடுவது எப்படி என்பது பொருள். படுக்கை, ஆக்சிஜன், செவிலியர், மருந்து எல்லாவற்றுக்கும் தமிழ் கிடைத்தது. ‘ட்ரியாஜ்’ வந்ததும் நின்றுவிட்டோம். ஒரு மாணவி அகராதியைப் பார்த்து ‘தரம்பிரிப்பு’ என்று எழுதினாள். அடுத்தவன் ‘வடிகட்டல்’ என்றான். இன்னொருத்தி, “சார், பருப்பு ட்ரியே பண்றதுதானே இது?” என்று கேட்டாள். சரியான கேள்வி. பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது.

பிரெஞ்சில் ‘ட்ரியே’ என்றால் பிரித்தெடுத்தல், தேர்ந்து ஒதுக்குதல். அதற்கும் மூலம் லத்தீனில் தேய்த்தல், அரைத்தல் என்ற பொருளுள்ள ஒரு வினை என்று சிலர் சொல்கிறார்கள்; அறிஞர்களிடையே முடிவான கருத்து இல்லை. ‘ட்ரியாஜ்’ அந்த வினையின் பெயர்ச்சொல். 18ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் அதைக் கடன் வாங்கிவிட்டார்கள். அப்போது அது கம்பளி வணிகத்தின் சொல். ஆட்டு ரோமத்தைத் தரவாரியாகப் பிரிப்பது. பிறகு காபி வணிகத்துக்குப் போனது. அங்கே நல்ல கொட்டைகளை எல்லாம் எடுத்த பிறகு மிஞ்சுகிற உடைசலுக்கே ‘ட்ரியாஜ்’ என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் சரக்கு ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் நிலையத்தை ‘ட்ரியாஜ் நிலையம்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆக, இந்தச் சொல்லின் முதல் வாழ்க்கை முழுக்கச் சரக்கோடுதான்.

மனிதர்களிடம் அது வந்தது போர்க்களம் வழியாக. நெப்போலியனின் படையில் தலைமை அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ஜான் லாரே, காயம்பட்டவர்களைப் பார்க்கும் வரிசையை மாற்றினார். அதுவரை அதிகாரிக்கு முதலில், சிப்பாய்க்குப் பிறகு. லாரே சொன்னது: பதவியைப் பார்க்காதே, யாருக்கு உயிராபத்து அதிகமோ அவரை முதலில் எடு. எதிரிப் படை வீரனுக்கும் அதே கணக்குத்தான். ரஷ்ய மருத்துவர் நிக்கொலாய் பிரகோவ், கிரிமியப் போரின்போது செவஸ்தபோலில் காயம்பட்டவர்களை ஐந்து வகையாகப் பிரித்தார். ஆனால் அந்த வேலைக்கு ‘ட்ரியாஜ்’ என்ற பெயர் நிலைத்தது முதல் உலகப் போரில்தான். பிரெஞ்சுப் படையின் பின்களத்தில் ‘ட்ரியாஜ் நிலையங்கள்’ இருந்தன. லாரியிலிருந்து இறக்கியதும் அங்கேதான் முதல் பார்வை.

எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. சொல் சரக்கு வணிகத்திலிருந்து வந்தது. ஆனால் லாரே செய்த வேலை அதற்கு நேர்மாறானது. காபி ட்ரியாஜில் நல்லதை முதலில் எடுத்து, உடைசலைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். லாரேயின் களத்தில் மிகவும் உடைந்தவன்தான் முதலில் உள்ளே போனான். ‘தரம்பிரிப்பு’ என்று தமிழில் எழுதினால், மருத்துவர்கள் விட்டுவிட்ட அந்தப் பழைய வணிகப் பொருளையே நாம் மறுபடியும் எடுத்துக்கொண்டவர்கள் ஆகிறோம். தரம் என்பது சர்க்கரைக்கும் அரிசிக்கும் உண்டு. நோயாளிக்கு ஏது தரம்? ‘முதல் தரம்’, ‘மூன்றாம் தரம்’ என்று கட்டிலில் கிடக்கிறவரைச் சொல்லிப் பாருங்கள், நாக்கே கூசும்.

‘வடிகட்டல்’ வேறு வேலை. காய்ச்சல் இருக்கிறதா இல்லையா, கிருமி இருக்கிறதா இல்லையா என்று உள்ளே விடுவதும் தடுப்பதும் வடிகட்டல். அதற்கு இரண்டே பதில்தான். ட்ரியாஜ் அடுத்த கேள்வியைக் கேட்கிறது: இவர் எவ்வளவு நேரம் தாங்குவார்? வாசலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் நடப்பதால் ஒன்றோடு ஒன்று குழம்பிப்போகிறது.

‘முன்னுரிமைப்படுத்தல்’ என்றும் எழுதுகிறார்கள். பொருளில் தவறில்லை. ஆனால் உரிமை என்ற சொல் அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கடைசியில் அழைக்கப்படுபவருக்கு உரிமை குறைவா? அதோடு, அவசரப் பிரிவில் ஓடிக்கொண்டே சொல்ல முடியாத அளவுக்கு நீளம்.

நான் வந்து சேர்ந்த சொல் ‘முறைவகுப்பு’. முறை என்றால் நாம் அன்றாடம் சொல்கிற அர்த்தம்தான்: “என் முறை எப்போது வரும்?” அதே சொல்லுக்குத் தமிழில் நீதி என்ற பொருளும் உண்டு. அரசன் நீதி வழங்குவதை முறைசெய்தல் என்றார்கள்; அநியாயம் நடந்தால் முறையிடுகிறோம். யாருடைய முறை என்பதும், அது நியாயமா என்பதும் ஒரே சொல்லில் இருக்கின்றன. இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு மொழியில் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பிள்ளைகள் விடவில்லை. “அப்போ சூப்பர்மார்க்கெட் வரிசையும் முறைவகுப்பா?” என்றார்கள். 2020 மார்ச் 18 அன்று தீவில் முதல் மூன்று கொரோனா நோயாளிகள் அறிவிக்கப்பட்டார்கள். 20ஆம் தேதி ஊரடங்கு. ஏப்ரலில் கடைகள் திறந்தபோது குடும்பப் பெயரின் முதலெழுத்துப்படி நாள் ஒதுக்கினார்கள். ஏ முதல் எஃப் வரை திங்களும் வியாழனும், ஜி முதல் என் வரை செவ்வாயும் வெள்ளியும், ஓ முதல் இசட் வரை புதனும் சனியும். முத்துசாமி வீட்டுக்குச் செவ்வாய் என்றால் ராமசாமி வீட்டுக்குப் புதன். வீட்டில் அரிசி இருக்கிறதா இல்லையா என்று அந்த எழுத்து கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

அது ‘முறைவைத்தல்’. தமிழ்நாட்டில் கால்வாய்த் தண்ணீர் குறைந்தால் ‘முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள்’ என்பார்கள். இன்று இந்த மடை, நாளை அந்த மடை. வயல் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை, சுற்று வந்தால் தண்ணீர். வகுத்தல் அப்படியில்லை. பார்த்து, எடைபோட்டு, பிரிப்பது. முறை வைக்க ஒரு பட்டியல் போதும். முறை வகுக்க ஆள் வேண்டும், அதுவும் தேர்ந்த ஆள். ‘வகுப்பு’ என்றதும் பள்ளிக்கூடம் நினைவுக்கு வருமே என்றால், ‘வகுப்பு’ தனியாக வருவதில்லை, ‘முறை’யோடு சேர்ந்தே வருகிறது. பத்து தடவை சொன்னால் பழகிவிடும்.

அந்தத் தேர்ந்த ஆளை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். தொற்றுக் காலத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஒரு மருத்துவமனைக்குப் போனோம். காய்ச்சல்காரர்களுக்குத் தனி வாசல் இல்லை. காலில் கட்டுப்போட்டவரும் இருமுகிறவரும் ஒரே பெஞ்சில். வந்த நேரப்படி சீட்டு, எங்களுடையது 41. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு ஒரு செவிலியர் வரிசை நெடுகிலும் தானாகவே நடந்து வந்தார். யாரிடமும் சீட்டைக் கேட்கவில்லை. ஒவ்வொருவர் விரலிலும் ஆக்சிமீட்டரை மாட்டினார், ஒரு வாக்கியம் பேசச் சொல்லிக் கேட்டார், நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினார். அம்மாவால் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. “இவங்க இப்பவே” என்று சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அம்மா பிழைத்தது அந்தப் பெண்ணால். அதற்கு முந்தைய முக்கால் மணி நேரத்தை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அந்தக் கட்டுரைக்கு வருகிறேன். ராணுவ மருத்துவமனையின் தயார்நிலையை மதிப்பிடுகிறவர்கள் படுக்கைகளை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவார்கள். அமெரிக்கக் கடற்படையின் ‘கம்ஃபர்ட்’ என்ற மருத்துவமனைக் கப்பல் 2020 மார்ச் 30 அன்று நியூயார்க்குக்கு வந்தது. 1000 படுக்கைகள். கொரோனா இல்லாத நோயாளிகளை எடுத்துக்கொண்டு நகர மருத்துவமனைகளின் சுமையைக் குறைப்பது திட்டம். ஆனால் அந்த நேரத்தில் நகரத்தில் யாருக்குத் தொற்று இருக்கிறது, யாருக்கு இல்லை என்று வாசலிலேயே பிரிக்க முடியவில்லை. முதல் நாட்களில் கப்பலில் இருந்தவர்கள் சுமார் 20 பேர். பிறகு கொரோனா நோயாளிகளையும் ஏற்கும்படி மாற்றி, இடைவெளிக்காகப் படுக்கைகளை 500 ஆகக் குறைத்தார்கள். ஏப்ரல் 30 அன்று புறப்படும்போது மொத்தம் 182 பேருக்குச் சிகிச்சை தந்திருந்தது. கட்டிலும் மருத்துவரும் கருவியும் இருந்தும் முறைவகுப்பு இடறிய கதை இது. அதே மார்ச்சில் பிரெஞ்சு ராணுவம் மியூலூசில் கூடாரங்களுக்குள் அமைத்த தீவிர சிகிச்சைப் பிரிவில் 30 படுக்கைகள்தான். ஆனால் யாருக்காக என்பதில் தொடக்கத்திலிருந்தே குழப்பமில்லை.

ஆகவே வாசலில் ஆரம்பிக்கவேண்டும். காய்ச்சலுக்குத் தனி வழி உண்டா, போன வழியிலேயே திரும்பி வராதபடி இருக்கிறதா? முதல் பார்வை பார்ப்பவர் யார், இரவு மூன்று மணிக்கு அந்த நாற்காலியில் யார்? காத்திருப்பவரை மறுபடி யார் பார்ப்பது? அவசரமில்லை என்று பச்சை அட்டையோடு உட்கார்ந்தவர் ஒரு மணி நேரத்தில் சிவப்பாகி, உயிராபத்துக்குப் போய்விடலாம். இந்த இரண்டாம் பார்வைக்கு ‘மறுவகுப்பு’ என்று பெயர் வைத்தோம். வண்ண அட்டைகள் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. 2004இல் கேப் டவுனில் தொடங்கிய தென்னாப்பிரிக்க அளவுகோலில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, அப்புறம் இறந்தவர்களுக்கு நீலம்.

ராணுவ மருத்துவமனைக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. பாசறையில் நூற்றுக்கணக்கானோர் ஒரே கூரையின் கீழ் தூங்குகிறார்கள், தொற்று ஒரே வாரத்தில் பரவிவிடும். 1918இல் இன்ஃப்ளுவென்சா போர்ப் பயிற்சி முகாம்களில் ஆடிய ஆட்டம் அதுதான். மருத்துவரையும் செவிலியரையும் திடீரென்று வேறு களத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது, லாரே எதிர்த்த அதே விஷயம்: பதவி. கர்னலின் உறவினருக்கும் சிப்பாயின் உறவினருக்கும் ஒரே அட்டை தருகிற துணிச்சல் அந்த மேசையில் இருக்கிறதா என்று மதிப்பீட்டாளர் பார்த்தே ஆகவேண்டும்.

ஒரு சொல்லில் பிள்ளைகள் பெரிதாகச் சறுக்கினார்கள். ராணுவ முறைவகுப்பில் கடைசிப் பிரிவு ஒன்று இருக்கிறது, ஆங்கிலத்தில் ‘எக்ஸ்பெக்டன்ட்’. இருக்கிற வசதியை வைத்துக் காப்பாற்ற முடியாது என்று தோன்றுகிறவர்கள். ஒருவன் அதை ‘எதிர்பார்ப்புள்ளவர்கள்’ என்று மொழிபெயர்த்துவிட்டான். படிப்பவர் நம்பிக்கைக்குரியவர்கள் என்றுதான் நினைப்பார். உண்மையில் அவர்களுக்கு வலி தணிப்பார்கள், பக்கத்தில் ஆள் இருப்பார், வசதி வந்தால் மறுபடி பார்ப்பார்கள். ‘காத்துப்பேணல்’ என்று வைத்தோம். காத்தல் என்பதில் காத்திருப்பதும் காப்பதும் சேர்ந்தே இருக்கின்றன.

நம் தீவிலேயே இதற்கு ஒரு பழைய வாசல் உண்டு. போர்ட் லூயியில், ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ‘ஆப்ரவாசி காட்’ படித்துறைக்குப் பக்கத்தில், பிரெஞ்சுக்காரர் காலத்துக் கல் கட்டடம். மாஹே த லா பூர்தொனே ஆளுநராக இருந்தபோது 1740 வாக்கில் எழுந்த ராணுவ மருத்துவமனை. அந்த ஆளுநர்தான் துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்தவர். 1819இல், தீவு ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு, ‘டோபாஸ்’ என்ற போர்க்கப்பல் வந்த கொஞ்ச நாளில் காலரா பரவியது. கப்பலைத் தனிமைப்படுத்தும் விதியை மீறவிட்டார் என்று பொறுப்பு ஆளுநர் ரால்ஃப் டார்லிங் மீது ஊரே குற்றம் சாட்டியது. கேள்வி கேட்காமல் விட்ட வாசல் என்பது ஊரின் புகார்.

சனிக்கிழமை பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனேன். துறைமுகக் காற்றில் நின்றுகொண்டு கட்டுரையின் கடைசிப் பத்தியை முடித்தார்கள். முறைவகுப்பு மேசை, முறைவகுப்புச் செவிலியர், முறைவகுப்பு அட்டை, மறுவகுப்பு, காத்துப்பேணல் என்று குறிப்பேட்டில் ஐந்து சொற்கள். பருப்புக் கேள்வி கேட்ட மாணவி ஆறாவதாக ஒன்றை எழுதிக்கொண்டாள்: பருப்புக்கு ‘பொறுக்குதல்’, ஆளுக்கு ‘முறைவகுத்தல்’.