பொறுமைக்கு ஒன்பதா, மூன்றா?

ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, தங்கள் குணங்களுக்குப் பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போடச் சொல்வேன். அவர்கள் சம்மதித்தால் வீட்டில் ஒருவருக்கும் அதே தாள் போகும்.

நடுத்தர வயதுக்காரர் ஒருவர் பொறுமைக்கு ஒன்பது போட்டிருந்தார். மனைவி போட்டது மூன்று. அவர் பொய் சொல்லவில்லை. பத்து தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும். பதினோராவது தடவை கதவை அறைந்துவிட்டுப் போய் இரண்டு நாள் பேசாமல் இருந்தது வீட்டுக்கே தெரியும். அவர் விழுங்கியதை எண்ணினார், மனைவி வெளியே வந்ததை எண்ணினார். கூட இருப்பவர்கள் மேல் விழுவது வெளியே வருவதுதான் என்பதால், இதில் நான் மனைவி பக்கம்.

சரி, மற்றவர்கள் சொல்வதுதான் எப்போதும் சரியா? மதிப்பெண் குறைகிறது என்று ஒரு கல்லூரிப் பெண்ணை அவள் அம்மா அழைத்து வந்தார். "இவளுக்கு என்னங்க கவலை, வீடே அதிரச் சிரிப்பா." பதற்றத்துக்கு அம்மா போட்டது இரண்டு. மகள் போட்டது ஒன்பது. ராத்திரி இரண்டு மணி வரை தூக்கமில்லை, வகுப்பில் பெயரைக் கூப்பிட்டாலே நெஞ்சு படபடக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்தது சிரிப்பு மட்டும்.

உளவியலாளர் சிமீன் வசீர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பதற்றம் போன்ற உள் உணர்வுகளை அவரவரே சரியாகச் சொன்னார்கள். அறிவுத்திறன், படைப்பாற்றல் விஷயத்தில் நண்பர்களின் கணிப்பு முந்தியது. புத்திசாலி என்று பெயரெடுக்க யாருக்குத்தான் ஆசை இல்லை, அந்த ஆசை நம் கண்ணை மறைத்துவிடுகிறது. வாயாடியா இல்லையா என்பதை மட்டும் முன்பின் தெரியாதவர்கூடச் சொல்லிவிடலாம்!

அதனால் உங்களைப் பற்றிக் கேட்பதென்றால், உங்களைத் திருப்திப்படுத்த வேண்டிய அவசியம் இல்லாத ஒருவரிடம் கேளுங்கள். கீழே வேலை செய்பவரிடம் வேண்டாம். "நான் எப்படிப்பட்ட ஆள்?" என்றால் மழுப்பலான பதில்தான் வரும். "போன வாரம் நான் பேசியதில் உனக்கு எது உறுத்தியது?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். சண்டை நடக்கும்போது கேட்கவே வேண்டாம்.

அப்புறம், தூக்கம் போய்விட்டது, மனசு சரியில்லை என்று ஒருவர் சொன்னால் "பார்த்தா அப்படித் தெரியலையே" என்று சொல்லாதீர்கள். மனநல உதவிக்காக அரசு நடத்தும் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.