நீர்க்களி, பரவல், தூண்டற்பேறு: ஒரு சொல் விளக்கம்

ஐதரோஜெல்லில் 'ஐதரோ' கிரேக்கத்தில் நீர். 'ஜெல்' ஜெலட்டினிலிருந்து நறுக்கிய துண்டு; அதன் வேர் உறைதலைக் குறிக்கும் இலத்தீன் சொல். நறுக்கியவர் தோமஸ் கிரகாம், உயர்தர வகுப்பில் படிக்கும் அதே பரவல் விதிக்காரர். சில பொருள்கள் மென்சவ்வினூடே விரைவாகவும் சில மிக மெதுவாகவும் பரவுவதை வைத்தே 1861இல் மெதுவானவற்றைக் கூழ்மங்கள் என்று பிரித்துக் காட்டியவரும் அவர்தான்.

தமிழில் நீர்க்களி என்பதே பொருத்தம். 'நீர்க்கூழ்மம்' வேண்டாம், கூழ்மம் என்றால் பாலும் அடங்கும். நீர்க்களியில் பல்பகுதியச் சங்கிலிகள் (சிறு மூலக்கூறுகள் தொடராய்க் கோர்த்தவை) குறுக்குப் பிணைப்பால் ஒரே வலையாகி நிற்கின்றன. நீரை உறிஞ்சும், கரையாது. பலூடாவில் கசகசா என்று நாம் போடும் சப்ஜா விதையைச் சுற்றி ஊறும் வழுவழுப்பும் இந்த இனந்தான். வெப்பம், அமிலத்தன்மை, உப்பு என்ற தூண்டலுக்கு வலை விரிந்து சுருங்கினால் அது தூண்டற்பேறுள்ள நீர்க்களி.

மூலக்கூறுகள் செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நகரும் பரவலை (தமிழக நூல்களில் விரவல்) அந்த வலையின் கண் அளவே ஆள்கிறது. குளுக்கோசின் ஆரை 0.4 நனோமீற்றருக்குக் கிட்ட. மாட்டு இரத்தப் புரதமான அல்புமினுக்கு 3.5. வெறும் நீரிலேயே 1 மில்லிமீற்றர் கடக்க முதலாவதற்கு 12 நிமிடம் போலவும் இரண்டாவதற்கு 2 மணித்தியாலத்துக்கு மேலும் ஆகும். கண் 3.5 நனோமீற்றரை நெருங்கும்போது புரதம் ஏறத்தாழ நின்றேவிடும்; குளுக்கோசு நழுவிப் போகும்.

வெப்பத்துக்குத் தூண்டற்பேறு காட்டும் பொலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைட் களி 32 பாகை செல்சியஸ் அளவைத் தாண்டினால் சுருங்கும். நுவரெலியாவில் சராசரி 16 பாகை. அங்கே மேசையில் வைத்தால் விரிந்தே கிடக்கும்; சுருங்கவைத்துச் சோதிக்க, சூடாக்கும் நீர்த்தொட்டி கட்டாயம். திடீரெனச் சூடாக்காதீர்கள்: வெளிப்புறம் முந்திச் சுருங்கித் தோலாகி உள்ளிருப்பதை அடைத்துவிடும். களிக்குள் ஏற்றிய மூலக்கூறு வெளியேறுவதை வைத்துப் பரவலை அளந்தால், சுருங்கும்போது முதலில் பீறிட்டு வருவது பிழிந்த நீரோடு வந்த மூலக்கூறு. அதையும் பரவல் கணக்கில் சேர்த்தால், பரவல் வேகத்தைக் காட்டும் குணகம் கூடிப்போகும். களி வில்லை தடிப்பானால் இன்னும் சிக்கல்; தடிப்பு இரட்டித்தால் சமநிலைக்கு நான்கு மடங்கு நேரம்.

தேயிலை நாற்றுமேடைக்கு வாங்கும் நீர்தேக்கிப் பளிங்குகளும் நீர்க்களிகளே; அவற்றில் பல பொலிஅக்ரிலேற்று. போத்தல் நீரில் காட்டும் வீக்கத்தை மண்ணில் எதிர்பார்க்க வேண்டாம். தேயிலை மண்ணின் பீ.எச். 4.5 முதல் 5.5, அங்கே சங்கிலியின் அமிலக் கூட்டங்களில் ஒரு பங்கு அயனாகாமலே இருக்கும், ஒன்றையொன்று தள்ளும் மின்னேற்றம் குறையும், வலை முழுதாய் விரியாது. டொலமைற்றுச் சுண்ணக்கல் தூள் போட்டால் அமிலம் குறையும். ஆனால் அதிலிருந்து கரையும் கல்சியமும் மக்னீசியமும் சங்கிலிகளை இன்னும் இறுக்கும். ஆகவே பளிங்கைத் தோட்டத்து மண்ணின் கரைசலிலேயே ஊறவைத்து நிறுத்துப் பார்த்துத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.