குறுக்குச்சுற்று மின்னோட்டம்

எங்காவது தீப்பிடித்தால் 'மின்கசிவே காரணம்' என்று செய்தியில் எழுதிவிடுகிறார்கள். பல நேரம் அங்கே நடந்தது ஷார்ட் சர்க்யூட். கசிவு வேறு, ஷார்ட் வேறு. கம்பியின் காப்பு உறை நைந்த இடத்தில் கொஞ்சம் மின்னோட்டம் நிலத்துக்கோ மனித உடலுக்கோ வழிந்தால் அது கசிவு. மில்லி ஆம்பியர் கணக்குதான். ஆளைக் காக்கப் பொருத்தும் ஆர்சிசிபி, அதாவது கசிவை உணர்ந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச், 30 மில்லி ஆம்பியரை எட்டும்போதே துண்டித்துவிடும். ஷார்ட்டில் பாய்வதோ ஆயிரக்கணக்கான ஆம்பியர்.

சர்க்யூட் என்ற சொல்லின் வேர் லத்தீன். 'சுற்றி', 'போதல்' என்ற இரு சொற்கள் சேர்ந்து பிறந்தது. தமிழில் 'சுற்று' அதற்கு அப்படியே பொருந்திவிட்டது. சிக்கல் 'ஷார்ட்'டில்தான். குறுஞ்செய்தி போலக் குறுஞ்சுற்று என்றும் சொல்கிறார்கள். இலக்கணப்படி சரியான ஆக்கம். ஆனால் அது 'சிறிய சுற்று' என்ற எண்ணத்தைத் தரும். இங்கே நீளம் பொருட்டல்ல. மோட்டாரையோ விளக்கையோ தொடாமல், தடை மிகக் குறைந்த குறுக்கு வழியில் மின்னோட்டம் திரும்பிவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் குறுக்குச்சுற்று என்பதே எனக்குப் பிடித்த சொல். அதில் பாய்வது குறுக்குச்சுற்று மின்னோட்டம்.

சரி, அது எவ்வளவு பாயும்? மின்னழுத்தத்தை, பாதையில் மிச்சமிருக்கும் இம்பிடன்ஸால், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு இருக்கும் மொத்த எதிர்ப்பால், வகுத்தால் விடை. மோட்டார், விளக்கு போன்ற சுமை விலகிவிட்டதால் மிச்சமிருப்பது டிரான்ஸ்ஃபார்மரும் கேபிளும்தான். டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப்பலகையில் இம்பிடன்ஸ் சதவீதமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கத்தை ஷார்ட் செய்து, மறுபக்கம் மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றுவார்கள். முழுச்சுமை மின்னோட்டம் ஓடத் தொடங்கும்போது, கொடுத்த மின்னழுத்தம் இயல்பளவில் எத்தனை சதவீதமோ அதுதான் அந்த எண்.

டிரான்ஸ்ஃபார்மரின் திறன் 1000 கேவிஏ (கிலோவோல்ட் ஆம்பியர்), மின்னழுத்தம் 400 வோல்ட், இம்பிடன்ஸ் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முழுச்சுமை மின்னோட்டம் சுமார் 1,443 ஆம்பியர். அதை 0.05 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 28,900 ஆம்பியர், அதாவது 29 கிலோ ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மர் முனையில் மூன்று ஃபேஸும், அதாவது மின்சாரம் வரும் மூன்று கம்பிகளும், ஒன்றாக ஷார்ட் ஆனால் பாயக்கூடியது இது. உயரழுத்தப் பக்கத்தின் இம்பிடன்ஸை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் விடை கொஞ்சம் குறையும். பெரிய மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தால் அவையும் சில நொடித்துளிகள் மின்னோட்டத்தைத் திருப்பி ஊட்டும், அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். முறையான கணக்குக்கு, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 60909 என்ற உலகத் தரம் இருக்கிறது.

அப்புறம் கேபிள். அங்கிருந்து 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் 50 மீட்டர் போனால் அதன் தடை மட்டும் 57 மில்லி ஓம் அளவுக்கு வரும். டிரான்ஸ்ஃபார்மரின் இம்பிடன்ஸ் வெறும் 8 மில்லி ஓம். அந்தக் கோடியில் ஷார்ட் ஆனால் 4 கிலோ ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகவே பாயும்.

மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் பிரேக்கரில் 10 கிலோ ஆம்பியர் என்று எழுதியிருப்பது அது துண்டிக்கக்கூடிய உச்ச அளவு. மேலே சொன்ன கேபிளின் கோடியில் அது தாராளமாகப் போதும். டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிய மின்பலகையில், வேறு பாதுகாப்பு இல்லாமல் தனியாக மாட்டினால், துண்டிக்கப் போய் அதுவே வெடித்துவிடலாம். குறைந்தபட்ச அளவையும் கணக்கிடுவது இதே அளவுக்கு அவசியம்: நீண்ட கேபிளின் கோடியில் ஒரே ஃபேஸ் ஷார்ட் ஆகி மின்னோட்டம் போதாமல் போனால், பிரேக்கர் உடனே விழாது, அதுவரை கேபிள் கொதித்துக்கொண்டே இருக்கும்.