டெரிஜியம்: கண்ணில் முளைக்கும் சிறகு

முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கிறவர்களுக்கும், வன்னி வயல்களில் வெயிலோடு நிற்கிறவர்களுக்கும் இது தெரிந்த நோய். மூக்குப் பக்க வெள்ளைவிழியிலிருந்து சிவப்பு நரம்போடிய முக்கோணச் சதையொன்று கருவிழிக்கு மேல் ஊர்ந்து ஏறியிருக்கும். "கண்ணிலை சதை வளருது" என்பார்கள். கிளினிக் துண்டில் அதன் பெயர் டெரிஜியம்.

கிரேக்கத்தில் 'ப்டெரிக்ஸ்' என்றால் சிறகு. அதிலிருந்து வந்த பெயர் 'சின்னச் சிறகு' என்று பொருள்படும். பழைய ஆயுர்வேத நூலான சுச்ருத சம்ஹிதை இதை 'அர்மம்' என்கிறது. அதன் ஐந்து வகைகளில் ஒன்று 'அதிமாம்சம்', அதாவது மிகுசதை. எங்கள் சனத்தின் பேச்சும் அதுதான். எழுத்துக்கு 'சிறகுச்சவ்வு' பொருத்தமென்று நினைக்கிறேன்; பேச்சுக்குக் 'கண்சதை' போதும். புரை என்று மட்டும் சொல்லக்கூடாது. புரை கண்வில்லைக்குள் வருவது. இது வெளியே, வெள்ளைவிழியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில்.

சரி, சதைதானே, வெட்டினால் போயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். வெட்டிய இடத்தை மூடாமல் விட்டால் 24 முதல் 89 சதவீதம் வரை மறுபடி வளர்ந்ததாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இளவயதினருக்கு அந்த ஆபத்து இன்னும் கூட. திரும்பி வந்த சதை முதலாவதைவிடத் தடிப்பாக, இறுகி ஒட்டியிருக்கும். இரண்டாம் முறை வெட்டுவது கடினம்.

அதனால் இன்று பெரும்பாலும் ஒட்டு வைக்கிறார்கள். அதே கண்ணின் மேலிமைக்குக் கீழே, வெயில் படாத இடத்துச் சவ்வில் மெல்லிய துண்டொன்றை எடுத்து, வெட்டிய இடத்தில் பதித்துவிடுவார்கள். 1985இல் அமெரிக்கக் கண் மருத்துவர் கென்யனின் குழுவினர் இந்த முறையை வெளியிட்டபோது 57 கண்களில் மூன்றில்தான் சதை மீண்டது. கருப்பையில் பிள்ளையைச் சுற்றியிருக்கும் பனிக்குடச் சவ்வை ஒட்டுவதும் உண்டு. ஆனால் ஒப்பிட்ட ஆய்வுகளில் சொந்தச் சவ்வே முந்துகிறது. ஒட்டைத் தைக்காமல் இரத்தப் புரதத்தாலான ஃபைப்ரின் பசையால் ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும், உறுத்தலும் குறைவு, பசைதான் விலை கூட. கலங்கள் பெருகுவதைத் தடுக்கும் மைட்டோமைசின் மருந்து பூசுவதும் மறுவளர்ச்சியைக் குறைக்கும், ஆனால் அளவு மீறினால் வெண்விழியே கரையலாம்.

ஆகவே சத்திரசிகிச்சைக்குத் திகதி தந்தால், "வெட்டின இடத்தை எதாலை மூடுவியள், டொக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். சதை திரும்புவது பெரும்பாலும் முதல் வருடத்துக்குள்தான். அதுவரை கிளினிக்கைத் தவறவிடாமல், வயலுக்கும் கடலுக்கும் கறுப்புக் கண்ணாடியும் அகல விளிம்புத் தொப்பியும் போட்டுக்கொண்டே போகவேண்டும்.