பயாஸில் கை வைப்பதற்கு முன், அந்த 48 எண்கள் எங்கே?

"நான் எந்த லாக்கும் போடவே இல்லை அண்ணே."

மன்னார்குடியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கடைசியாகச் சொன்னவர் நீடாமங்கலம் பக்கத்துக் கல்யாண போட்டோகிராபர். தை முகூர்த்தங்களில் எடுத்த படங்கள் மொத்தமும் ஒரே லேப்டாப்பில். யூடியூபில் பார்த்துவிட்டு, பென்டிரைவில் பயாஸ் (லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டை ஏற்றிப் போட்டிருக்கிறார். அப்டேட்டும் சுத்தமாக முடிந்திருக்கிறது. மறுபடி ஆன் செய்தால் நீலத் திரை. டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர், 48 எண்கள் கொண்ட ரெக்கவரி கீ கேட்கிறது. கீ அவரிடம் இல்லை, நினைவுக்கு வந்த எந்தக் கணக்கிலும் இல்லை. அட்வான்ஸ் கொடுத்த கல்யாண வீடுகளுக்கு என்ன பதில் சொன்னாரோ, நான் கேட்கவில்லை.

நீங்கள் லாக் போடவில்லை, சரி. விண்டோஸ் போட்டுவிட்டது. புது லேப்டாப்பில் விண்டோஸ் 11 முதல்முறை எழும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். ஜிமெயிலோ ஏதோ ஒன்றைக் கொடுத்து, அடுத்து அடுத்து என்று தட்டிக்கொண்டே போவீர்கள். அந்த நேரத்திலேயே பல லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் (பிட்லாக்கரின் எளிய வடிவம்) தானாக ஆன் ஆகிவிடும். விலை குறைந்த ஹோம் பதிப்பிலும் இது உண்டு. 2024 கடைசியில் வந்த 24ஹெச்2 பதிப்பில் இதற்கான நிபந்தனைகளையும் தளர்த்திவிட்டார்கள், அதனால் முன்பு தப்பித்த மெஷின்களும் இப்போது மாட்டுகின்றன. தினமும் நீங்கள் அடிக்கும் நாலு இலக்க பின் நம்பர் வேறு, ரெக்கவரி கீ வேறு. பின் நம்பர் தெரிந்திருந்தாலும் இது திறக்காது. கைரேகை வைத்தாலும் திறக்காது. ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு லேப்டாப்பில் மாட்டினாலும் அதே 48 எண்களைத்தான் கேட்கும். "உங்ககிட்ட சாஃப்ட்வேர் இருக்குமே" என்கிறார்கள். இல்லை. என்னிடம் இல்லை, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இல்லை, மைக்ரோசாஃப்டுக்கே போன் போட்டாலும் உங்கள் கணக்கில் ஏறாத கீயை அவர்களால் உண்டாக்கித் தர முடியாது. ஆயிரம் ரூபாய்க்கு உடைத்துத் தருகிறேன் என்று எவனாவது சொன்னால், அவன் ஃபார்மட் போட்டுத் தரப்போகிறான் என்று அர்த்தம்.

பயாஸ் மாறினால் டிபிஎம் (டிஸ்கின் சாவியைக் காக்கும் சிப்) சாவியைத் தராமல் போகலாம், அவ்வளவுதான் விஷயம். பயாஸ் அப்டேட் மட்டும் இல்லை. செக்யூர் பூட்டை (நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் பாதுகாப்பு) அணைத்தாலும், டிபிஎம்மை கிளியர் செய்தாலும், மதர்போர்டு மாற்றினாலும் இதே கதி நேரலாம். கம்பெனி தரும் அப்டேட்டை விண்டோஸுக்குள்ளிருந்து ஓட்டினால், பெரும்பாலும் அதுவே பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்கும். பென்டிரைவில் போட்டு பயாஸ் மெனுவுக்குள்ளிருந்து ஓட்டினால் அந்தக் காவல் கிடையாது. யூடியூப் வீடியோவில் இதைச் சொல்ல மாட்டார்கள். ஏஎம்டி டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: பயாஸோ பிராசசரோ மாற்றியபின் எஃப்டிபிஎம்மை (பிராசசருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்) ரீசெட் செய்யலாமா என்று ஒரு கறுப்புத் திரை கேட்கும், ஒய் (Y) அல்லது என் (N) அழுத்தச் சொல்லும். படிக்காமல் ஒய்யை அழுத்துகிறவர்கள்தான் அதிகம். கீ கையில் இல்லாதவர் N எழுத்தை அழுத்துங்கள். புரியாவிட்டால் எதையும் அழுத்தாமல் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

வருகிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான், "போர்டு செத்துடுமா?" அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டு செத்த மாதிரி ஆவது உண்மை. ஆனால் அதில் பெரும்பாலானவற்றை எழுப்பிவிடலாம். பயாஸ் இருக்கும் எட்டு கால் ஐசியில் கிளிப்பை மாட்டி, சில நூறு ரூபாய் புரோகிராமரில் எழுதினால் வேலை முடிந்தது. (தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கு: ஐசி 1.8 வோல்டா 3.3 வோல்டா என்று பார்க்காமல் கிளிப்பை மாட்டாதீர்கள். பழைய டம்ப்பை (ஐசியில் இருப்பதன் நகலை) இரண்டு தடவை எடுத்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் எழுதவே எழுதாதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வந்த பைலை அப்படியே ஏற்றினால் சீரியல் நம்பரும் விண்டோஸ் லைசென்ஸும் போய்விடும். மாடல் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, போர்டில் அச்சடித்த நம்பரும் ஒத்துப்போக வேண்டும்.) போர்டு எழுந்துவிடும். எழுந்ததும் அது முதலில் கேட்பது அந்த ரெக்கவரி கீயாக இருக்கலாம். அதனால்தான் செத்த போர்டு வந்தாலும் நான் முதலில் கீயைக் கேட்கிறேன். வாடிக்கையாளர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

முதலில், பயாஸ் அப்டேட் எதற்கு? வேகம் கூடும் என்பதற்காக என்றால் வேண்டவே வேண்டாம், அதனால் வேகம் ஏறாது. அந்தக் காசில் எஸ்எஸ்டி போடுங்கள். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததும், லேப்டாப்பே நின்றுவிடும் என்ற பயத்தில் பயாஸுக்குள் நுழைந்து கண்டதையும் மாற்றிக்கொண்டு வந்தவர்கள் நிறைய. நியாயமான காரணங்களும் உண்டு. இன்டெல் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் வோல்டேஜ் கோளாறுக்கு 2024-ல் வந்த திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வந்தது, அது அவசியம். 2011-ம் ஆண்டின் செக்யூர் பூட் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதியாவதால் சில மெஷின்களுக்கு அப்டேட் தேவைப்படலாம். போடுங்கள். லினக்ஸ் போட்டுப் பார்க்கிற கல்லூரிப் பிள்ளைகளையும் நான் தடுக்கவில்லை, தோண்டிப் பார்த்தால்தான் தொழில் வரும். ஆனால் அக்காவின் பிராஜெக்ட் இருக்கிற லேப்டாப்பில் தோண்டாதே தம்பி.

போடுவதற்கு முன் கீயை எடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் டிவைசஸ் பகுதிக்குள் இருக்கும். அதைத் தாளில் எழுதி, பட்டா சிட்டா வைத்திருக்கும் கவருக்குள் போடுங்கள். அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் நோட்பேடில் சேமித்து வைத்தவரையும் பார்த்திருக்கிறேன், அதைச் செய்யாதீர்கள். படங்களை வெளியே ஒரு டிஸ்கில் காப்பி எடுங்கள். பிறகு செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்து, முழுதாக அவிழும்வரை காத்திருங்கள். புரோ பதிப்பு என்றால் பிட்லாக்கரை சஸ்பெண்ட் (தற்காலிக நிறுத்தம்) செய்தாலே போதும். சார்ஜர் மாட்டி, பேட்டரியும் நிறைந்திருக்க வேண்டும். டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டர் மாறுகிற அந்த ஒரு நொடிக்குள் சில மெஷின்கள் ரீஸ்டார்ட் ஆகிவிடும். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளா என்று பேப்பரைப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில், வேதாரண்யம் பக்கம் காற்று எழும்புகிறது என்று செய்தி வரும்போது இந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

ஏற்கெனவே நீலத் திரை முன் நிற்கிறவர்கள் தயவுசெய்து ஃபார்மட் போடாதீர்கள். பயாஸில் எதையாவது மாற்றியிருந்தால் பழையபடியே வைத்துப் பாருங்கள், சில சமயம் தானாகத் திறந்துகொள்ளும். திறக்காவிட்டால், லேப்டாப்பை முதன்முதலில் யார் ஆன் செய்தார்கள் என்று யோசியுங்கள். கூத்தாநல்லூரிலிருந்து வரும் லேப்டாப்களில் பாதிக்கு விடை சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறது. வாங்கி வந்த அண்ணன் தன் மெயிலில் நுழைந்து செட் செய்திருப்பார், கீ அவர் கணக்கில் கிடக்கும். கல்லூரி மெயிலோ ஆபீஸ் மெயிலோ கொடுத்திருந்தால் அங்கேயுள்ள ஐடி ஆளிடம் கேளுங்கள். திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளும் கணக்கில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள், ஒரே கணக்கில் பல கீ இருக்கலாம். எதுவும் கிடைக்கவில்லையா, அந்த டிஸ்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேறு டிஸ்கில் விண்டோஸ் போட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் பழைய மெயிலின் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆனாலும் டிஸ்கில் இருப்பது அப்படியேதான் இருக்கும்.