சாண்டோகானிடே: பெயரும் பொருளும் தமிழ்ச் சொல்லும்

சாண்டோகானிடே என்பது பெரும்பாலும் தென்கிழக்காசிய மழைக்காடுகளில், உதிர்ந்த இலைகளுக்கும் மக்கிய மரத்துண்டுகளுக்கும் அடியில் வாழும் ஓர் எட்டுக்காலிக் குடும்பத்தின் அறிவியல் பெயர். விவரிக்கப்பட்ட இனங்கள் 70க்கும் மேல். உடல் நீளம் சில மில்லிமீட்டர்தான்.

வகைப்பாட்டில் இதன் இடம்: எட்டுக்காலி வகுப்பு (சிலந்தி, தேள், உண்ணி எல்லாம் அடங்கியது), ஓப்பிலியோனிஸ் வரிசை, லேனியாட்டோரிஸ் துணைவரிசை. வரிசைக்குப் பெயர் வைத்தவர் சுண்டவால் (1833). லத்தீனில் ‘ஓப்பிலியோ’ என்றால் ஆட்டிடையன். லேனியாட்டோரிஸ் என்பதற்குக் கிழித்து அறுப்பவர், அதாவது கசாப்புக்காரர் என்று பொருள். இரையை இறுகப் பிடிக்கும் முள் பொதிந்த உணர்கொம்புக் கால்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் பொருத்தமாகவே தோன்றும். இந்தத் துணைவரிசையில் மட்டும் 4,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றில் மிகப் பல வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை.

குடும்பப் பெயரின் கதை இன்னும் சுவையானது. 1876இல் சுவீடன் நாட்டுத் தமர்லான் தோரெல் ‘ஓங்கோபஸ்’ என்ற பேரினத்தை நிறுவினார். அதன் அடியாகக் குடும்பத்துக்கு ஓங்கோபோடிடே என்று பெயர் வந்தது. 130 ஆண்டுகளுக்கு மேல் நூல்களிலும் அரும்பொருளகச் சீட்டுகளிலும் இருந்தது இந்தப் பெயர்தான். ஆனால் அதே எழுத்துகளுடன் அதற்கு முன்பே வேறொரு விலங்குப் பேரினத்துக்குப் பெயர் இடப்பட்டிருந்தது தெரியவந்தது. விலங்குப் பெயரிடல் விதிப்படி இரண்டு பேரினங்கள் ஒரே பெயரைத் தாங்க முடியாது. பிந்தியது விலக வேண்டும். பேரினப் பெயர் இப்படி விழுந்தால் அதன்மேல் எழுந்த குடும்பப் பெயரும் கூடவே விழும். எனவே 2007இல் துருக்கியின் ஓஸ்டிக்மெனும் பிரேசிலின் கூரியும் ‘சாண்டோகான்’ என்ற மாற்றுப் பேரினப் பெயரைத் தந்தனர். குடும்பம் சாண்டோகானிடே ஆயிற்று.

சாண்டோகான் யார்? இத்தாலிய எழுத்தாளர் எமிலியோ சால்காரி படைத்த கடற்கொள்ளை வீரன். ‘மலாயாப் புலி’ என்று அழைக்கப்பட்டவன். போர்னியோவை ஒட்டிய கடல்தான் அவன் களம், அங்குள்ள காடுகளில் இந்தக் குடும்பத்து இனங்களும் உண்டு. ஆகவே இந்தச் சொல்லுக்கு உடலமைப்பு சார்ந்த வேர்ப்பொருள் எதுவும் இல்லை. அதைத் தமிழில் ‘பொருள்பெயர்க்க’ முயல்வது வீண் வேலை.

பிறகு ஓப்பிலியோனிஸ் வரிசையைத் தமிழில் என்ன சொல்வது? வழக்கில் இருக்கும் ‘அறுவடைச் சிலந்தி’ இரண்டு பாதியிலும் தவறுகிறது. ஐரோப்பாவில் அறுவடைக் காலத்தில் மிகுதியாகத் தென்படுவதால் அங்கே அப்படி அழைத்தார்கள். நிலநடுக்கோட்டருகே இருக்கும் சிங்கப்பூரில் அந்தப் பருவமே கிடையாது. சிலந்தி என்பதோ இன்னும் பெரிய பிழை. இவற்றுக்கு நூல் சுரப்பியும் இல்லை, நஞ்சும் இல்லை. சிலந்திபோல இரையைக் கரைத்து உறிஞ்சாமல் சிறு துணுக்குகளாகவே உண்ணும். பெரும்பாலானவற்றுக்குக் கண்கள் இரண்டே, அவையும் முதுகில் ஒரு மேட்டின்மேல். தலைப்பகுதிக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒடுங்கிய இடை இல்லை.

‘நெட்டைக்கால் பூச்சி’யும் உதவாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் குளியலறை மூலையில் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் கிடுகிடுவென ஆடுவது உண்மையான சிலந்தி. ஓப்பிலியோனிஸ் வரிசையிலும் காக்ரெல்லா போன்ற சில வகையினருக்குத்தான் மயிரிழைக் கால்கள். சாண்டோகானிடேக்கோ குட்டைக் கால்கள்.

வரிசைக்கு ‘ஒற்றையுடல் எட்டுக்காலி’ என்பதே நாம் பரிந்துரைக்கும் சொல். உண்ணிகளும் ஒற்றையுடல்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே, ஆனால் அவற்றின் வயிற்றில் இவற்றுக்கு உள்ளதுபோல் தெளிவான வளையக் கோடுகள் இல்லை, தமிழில் அவற்றுக்குத் தனிப்பெயரும் ஏற்கெனவே இருக்கிறது. குடும்பத்துக்கு ‘முழுவோட்டு எட்டுக்காலிக் குடும்பம்’ எனலாம். லேனியாட்டோரிஸ் துணைவரிசையின் மற்றக் குடும்பங்கள் பலவற்றில் முதுகோட்டின் பின்பகுதித் தகடுகள் தனித்தனியே அசையும். இக்குடும்பத்தில் எல்லாம் ஒன்றிப் போய் முன்னிருந்து பின்வரை ஒரே ஓடு. துறைசார் லத்தீன் வழக்கும் அதை ‘முழுமையான கேடயம்’ என்றே குறிக்கிறது.

தமிழ்ப் பெயரை மட்டும் நம்பி இனங்காண வேண்டாம். சைஃபோஃப்தால்மை துணைவரிசையைச் சேர்ந்த ஸ்டைலோசெல்லிடே குடும்பத்துக்கும் முழு ஓடு உண்டு, அவையும் இதே இலைக்குப்பையில்தான் கிடக்கும். கைவில்லையில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் கண்மேடு: சாண்டோகானிடேயில் அது முதுகின் நடுவில் முன்பக்கம் எழுந்து நிற்கும், ஸ்டைலோசெல்லிடேயில் நடுமேடு இல்லை, கண் இருந்தால் பக்கவாட்டில் இருக்கும். அடுத்து நாற்றச் சுரப்பியின் துளை: ஸ்டைலோசெல்லிடேயில் அது சிறு கூம்பின்மேல் திறக்கும். மூன்றாவது, கால் நுனி: லேனியாட்டோரிஸில் முன் இரண்டு இணைக் கால்களில் ஒற்றை நகம், பின் இரண்டு இணைகளில் பெரும்பாலும் இரட்டை நகம்.

பேரினம்வரை போக விரும்பினால் கால் நுனிக் கணுக்களை எண்ண வேண்டும். நோமுலஸ், சாண்டோகான் முதலிய பேரினங்களைப் பிரிப்பதில் அந்த எண்ணிக்கைக்குப் பங்குண்டு. பலர் சறுக்கும் இடமும் இதுவே. வளராத குஞ்சுகளில் கணுக்கள் குறைவு. அதை முதிர்ந்ததென எண்ணினால் தவறான பேரினத்தில் போய் நிற்பீர்கள். இனத்தை உறுதிசெய்ய ஆண் உயிரியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். முதுகை மட்டும் எடுத்த படத்திலிருந்து இனப்பெயர் சொல்வது ஊகம்.

சிங்கப்பூரின் புக்கிட் தீமா போன்ற இயற்கை வனப்பகுதிகளில் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி எதையும் எடுக்கக்கூடாது. படம் பிடிக்க மரத்துண்டைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வையுங்கள். தொட்டால் பல இனங்கள் கால் மடக்கிச் செத்ததுபோல் கிடக்கும், சில நிமிடம் பொறுக்க வேண்டும். அனுமதி பெற்றுச் சேகரிப்பவர்கள் உருவ ஆய்வுக்கு 70 முதல் 80 விழுக்காடு எத்தனாலும், மரபணு ஆய்வுக்கு 95க்கு மேற்பட்டதும் வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் கெட்டி எத்தனாலில் போட்டால் கால்கள் விறைத்து உடையும், கணுவே எண்ண முடியாது. இடம், நாள், சேகரித்தவர் பெயர் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே பென்சிலால் எழுதிப் போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். சீட்டில் அறிவியல் பெயர் முதலில், தமிழ்ப் பெயர் அடைப்புக்குறிக்குள்: சாண்டோகானிடே (முழுவோட்டு எட்டுக்காலிக் குடும்பம்).