சொல் விளக்கம்: ஸ்லக் என்னும் முகவரித்துண்டு

ஒரு இணையப் பக்கத்தின் முகவரியில் தளத்தின் பெயரைக் கழித்துவிட்டால், அந்தப் பக்கத்தை மட்டும் அடையாளம் காட்டும் கடைசித் துண்டு மிஞ்சும். அதற்குப் பெயர் ஸ்லக். பத்தமடைப் பாய் விற்கும் ஒரு தளத்தின் முகவரி ‘டாட் காம்’ முடிந்து, சாய்கோடு தாண்டி, ‘கோரைப்பாய்-விலை’ என்று நின்றால், அந்தக் ‘கோரைப்பாய்-விலை’தான் ஸ்லக். முகவரி முழுவதும் யூஆர்எல். ஒருமுறை கொடுத்தபின் மாறக்கூடாது என்ற நிபந்தனையோடு வரும் முழு முகவரி பெர்மாலிங்க். பேச்சில் மூன்றையும் யூஆர்எல் என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் தளத்தைத் திருத்த உட்காரும்போது, எதை மாற்றுகிறோம் என்பது தெரிந்தே ஆகவேண்டும்.

ஆங்கில அகராதியில் ஸ்லக் என்ற சொல்லுக்கு மந்தமானவன் என்பது மூத்த பொருள். ஓடில்லா நத்தைக்கு அந்தப் பெயர் பின்னால்தான் வந்தது. உலோகக் கட்டி என்றும் ஒரு பொருள் உண்டு, அச்சகத்துக்குள் போனது அதுதான். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓட்மார் மெர்கன்தாலரின் லினோடைப் எந்திரம் 1886-இல் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழில் வேலைக்கு வந்தது. எழுத்தெழுத்தாகக் கையால் அடுக்காமல், ஒரு வரி முழுவதையும் ஒரே ஈயக் கட்டியாக வார்த்துத் தள்ளியது அது. அந்தக் கட்டி ஸ்லக். எந்தச் செய்தி எது என்று அச்சுக்கோப்பவருக்கு அடையாளம் தெரிய ஒவ்வொன்றுக்கும் ஓரிரு சொல்லில் ஒரு பெயர் வைப்பார்கள். நாளடைவில் அந்த அடையாளப் பெயரே ஸ்லக் ஆனது. நாளிதழ் அலுவலகங்களில் இன்றும் அப்படித்தான்: வாசகன் காணும் தலைப்பு வேறு, மேசைக்குள் புழங்கும் ஸ்லக் வேறு.

அங்கிருந்து கணினிக்கு வந்த வழிகளில் ஒன்று தெளிவாகவே தெரிகிறது. இணையதளம் கட்டப் பயன்படும், 2005-இல் வெளியான ஜாங்கோ என்ற மென்பொருள் கட்டமைப்பு, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஊரின் நாளிதழ் அலுவலகத்தில் உருவானது. அதன் கையேடே இது செய்தித்தாள் சொல் என்று விளக்கம் தருகிறது. தளத்தில் எழுதவும் திருத்தவும் உதவும் உள்ளடக்க மேலாண்மை அமைப்புகள், அதாவது நாம் சிஎம்எஸ் என்பவை, ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கின்றன. வேர்ட்பிரஸில் ஸ்லக், ஜூம்லாவில் ஏலியாஸ், ஷாப்பிஃபையில் ஹேண்டில். வேர்ட்பிரஸின் தரவுத்தளத்துக்குள் எட்டிப் பார்த்தால் ஸ்லக் இருக்கும் கட்டத்துக்குப் ‘பதிவின் பெயர்’ என்று பொருள்படும் பெயர் இருக்கிறது.

தமிழில் என்ன சொல்வது? ‘குறுமுகவரி’ பொருந்தாது. நீண்ட இணைப்பைச் சுருக்கித் தரும் சேவைகளுக்குத்தான் அது சரி. ‘பக்கப்பெயர்’ என்றால் தலைப்போடு மயங்கும். ‘முகவரித்துண்டு’ என்பது என் தேர்வு. முகவரியில் ஒரு பகுதி என்பது சொல்லிலேயே தெரிகிறது, பழைய ஈயத்துண்டும் உள்ளே ஒளிந்திருக்கிறது. தலைப்புக்கும் முகவரித்துண்டுக்கும் உள்ள உறவை நெல்லைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. நெல்லையப்பர் கோயில் எதிரே உள்ள அல்வாக் கடையை ஊர் ‘இருட்டுக்கடை’ என்றுதானே சொல்கிறது? பொதுவாகக் கடைப் பலகையில் எழுதுவது தலைப்பு, ஆள் வழி கேட்கும்போது வாயில் வருவது முகவரித்துண்டு.

இனி, கடைக்காரர்கள் தளம் செய்து கொடுப்பவரிடம் கேட்கிற கேள்வி. “அண்ணாச்சி, யூஆர்எல்ல நம்ம சரக்குப் பேரப் போட்டா கூகுள்ல முன்னால வந்துருமா?” வராது. முகவரியில் உள்ள சொற்களால் தரவரிசையில் கிடைக்கும் பயன் மிகச் சொற்பம் என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. தேடல் முடிவில் தலைப்புக்கு மேலே, தளத்துக்குள் பக்கம் எங்கே இருக்கிறது என்று காட்டும் வழித்தடமாகத் தெரிவதுதான் அதன் முக்கியப் பயன். 2025 ஜனவரியிலிருந்து கைப்பேசித் தேடலில் அதுவும் போய், தளப்பெயர் மட்டும் தெரிகிறது. ஆகவே ‘சிறந்த-மலிவான-திருநெல்வேலி-அல்வா-ஆன்லைன்-விலை’ என்று நீட்டி முழக்குவது வீண். நல்ல முகவரித்துண்டால் ஏறுவது கொஞ்சம், கெட்டுப்போனால் இறங்குவது நிறைய. கெடுப்பது பெரும்பாலும் சிஎம்எஸ்ஸில் நாம் தொடாமலே இருக்கும் இயல்பிருப்பு அமைப்புகள்தான், அதுவும் தமிழ்த் தளங்களில்.

வேர்ட்பிரஸை எடுத்துக்கொள்வோம். உலகத் தளங்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன. தலைப்பைத் தட்டச்சிட்டால் அதுவே முகவரித்துண்டை உருவாக்கிக்கொள்ளும். அதற்கு உச்சவரம்பு 200 எழுத்திடம். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழுக்கு அப்படியில்லை. யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முகவரிக்குள் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறி, இரண்டு இலக்கம் என மூன்று இடம் பிடிக்கும். ஆக, குறி ஒன்றுக்கு ஒன்பது இடம். உயிர்மெய்யில் மெய் ஒரு குறி, அதன் மேல் ஏறும் உயிர்க்குறி இன்னொன்று. புள்ளியும் தனிக் கணக்கு. ‘பாய்’ என்ற சொல்லுக்கே நான்கு குறி, 36 இடம்.

‘பத்தமடைப் பாய் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை’ என்று ஒரு தலைப்பு. ‘பத்தமடைப்’ ஒன்பது குறி, 81 இடம். ஒரு சிறுகோடு. ‘பாய்’ 36. இன்னொரு சிறுகோடு. இதுவரை 119. மிச்சம் இருக்கும் 81 இடத்தில் ஒன்பது குறிதான் அடங்கும். முகவரி ‘பத்தமடைப்-பாய்-வாங்கும்ப’ என்று, ‘போ’வின் ஓகாரம் அறுந்து நிற்கும். சரியாக 200. இதே தொடக்கத்தில் இன்னொரு கட்டுரை எழுதினால் இரண்டும் ஒரே முகவரித்துண்டுக்குப் போட்டி போடும். அப்போது வேர்ட்பிரஸ் அந்த ‘ப’வையும் கடித்துத் தள்ளிவிட்டு ‘-2’ என்று ஒட்டும். பிளகின் என்னும் கூடுதல் மென்பொருள் எதுவும் இல்லாமல் இயல்பாகவே நடப்பது இது.

தமிழ் முகவரியைக் கூகுள் படிக்காது என்பது வெறும் கட்டுக்கதை. நன்றாகவே படிக்கும். வாசகரின் மொழியிலேயே முகவரிச் சொற்கள் இருக்கலாம் என்றுதான் அதன் வழிகாட்டி சொல்கிறது. சிக்கல் வேறிடத்தில். உலாவியின் முகவரிப் பட்டையில் அழகாகத் தமிழில் தெரியும், நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டினால் அரைப்பக்கத்துக்கு விழுக்காட்டுக் குறிகளாகக் கொட்டும். பார்ப்பவர் வைரஸோ என்று தொடமாட்டார். அதனால் தமிழில் வைப்பதென்றால் இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று. ‘திருநெல்வேலி-அல்வா’ 154 இடம்தான், அடங்கிவிடும். தலைப்பு எவ்வளவு நீளமும் இருக்கலாம். வெளியிடுமுன் வலப்பக்கப் பட்டியில் ஸ்லக் கட்டத்தைத் திறந்து கையால் சுருக்கினால் போதும்.

கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாக்கர் கதை வேறு. தமிழ்த் தலைப்பை அது அடியோடு விட்டுவிட்டு, ‘பிளாக்-போஸ்ட்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லையும் கூடவே ஒரு எண்ணையும் வைத்து முகவரி செய்யும். ஆயிரக்கணக்கான தமிழ் வலைப்பதிவுகள் இன்றும் அந்தப் பெயரில்தான் கிடக்கின்றன. தனிப்பயன் பெர்மாலிங்க் என்ற வசதியில் ஆங்கில எழுத்தில் நாமே கொடுக்கலாம், வெளியிடுமுன் கொடுக்கவேண்டும். ஜூம்லாவில் யூனிகோடு ஏலியாஸ் அமைப்பை இயக்காமல் விட்டால், தமிழ்த் தலைப்பிலிருந்து ஒன்றும் தேறாமல், அந்த நொடியின் தேதியும் நேரமும் முகவரியாகிவிடும்.

ஆங்கில எழுத்தில் வைப்பதென்று முடிவெடுத்தால் அடுத்த தலைவலி எழுத்துக்கூட்டல். பத்தமடைக்கு ஆங்கிலத்தில் இரண்டு விதம் புழங்குகிறது. குற்றாலத்துக்கும் தூத்துக்குடிக்கும் வெள்ளைக்காரன் வைத்தது ஒன்று, நாம் எழுதுவது ஒன்று. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆயிரத்துச் சொச்சம் ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றதே, அந்த வாரம் முகவரிகளை மாற்றியவர்கள் இருந்தால் பாவம். எந்தக் கூட்டல் என்பது தேடலுக்குப் பெரிய விஷயமில்லை, கூகுள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகவே புரிந்துகொள்ளும். ஒன்றைப் பிடித்துத் தளம் முழுக்க அதையே வைப்பதுதான் முக்கியம். சொற்களுக்கு நடுவே சிறுகோடு போடுங்கள். அடிக்கோடு வேண்டாம்.

மற்றபடி, இடிப்பது மாற்றும்போதுதான். முகவரித்துண்டு மாறினால் தேடுபொறிக்கு அது புதுப் பக்கம். பழைய முகவரிக்கு வெளியிலிருந்து வந்த இணைப்புகள், சேர்ந்த மதிப்பு எல்லாம் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பிழையில் போய் முட்டும். பழையதிலிருந்து புதியதற்கு, நிரந்தரமாக மாறிவிட்டது என்று சொல்லி அனுப்பும் 301 திசைமாற்று வைத்தால் மதிப்பு பின்னாலேயே வரும். வேர்ட்பிரஸ் இதைத் தானாகச் செய்யும் என்று பலர் நம்பி விட்டுவிடுகிறார்கள். பாதிதான் உண்மை. ‘பதிவு’ வகையில் வெளியானவற்றுக்குப் பழைய ஸ்லக்கை நினைவில் வைத்துத் திருப்பிவிடும். ‘பக்கம்’ வகைக்கு அந்த நினைவு கிடையாது. கடைத் தளங்களில் விலைப்பட்டியல், எங்களைப் பற்றி, கிளைகள் எல்லாம் பக்கம் வகைதான். அவற்றுக்குத் திசைமாற்றைக் கையால்தான் எழுதவேண்டும். கூகுள் கேட்பது குறைந்தது ஓராண்டு, முடிந்தால் நிரந்தரம். ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று சங்கிலியாக அடுக்காமல் எல்லாப் பழைய முகவரியையும் நேராகக் கடைசி முகவரிக்கே திருப்புங்கள். பத்துத் தாவலுக்கு மேல் பக்கங்களைப் படித்துச் சேர்க்கும் நிரலான கூகுளின் தேடுசிலந்தி வராது.

‘பக்கம்’ வகைக்கு இன்னொரு குறும்பும் உண்டு. மீடியா நூலகத்தில் ‘அல்வா’ என்ற பெயருள்ள படத்தை முதலில் நேரடியாக ஏற்றிவிட்டால் அந்தப் படமே ‘அல்வா’ என்ற முகவரித்துண்டைப் பிடித்துக்கொள்ளும். பிறகு செய்யும் அல்வாப் பக்கம் காரணம் தெரியாமல் ‘அல்வா-2’ ஆகும். படத்தின் ஸ்லக்கை மாற்றிவிட்டுப் பக்கத்தினுடையதைத் திருத்தவேண்டும், வரிசை மாறினால் வேலைக்காகாது. தளம் முழுவதும் திடீரென்று 404 காட்டினால், அமைப்புகளில் பெர்மாலிங்க் பக்கத்தைத் திறந்து எதையும் தொடாமல் ‘சேமி’ அழுத்துங்கள். முகவரி விதிகள் மறுபடி எழுதப்பட்டுப் பெரும்பாலும் சரியாகிவிடும். கூகுளில் தளமே வரவில்லை என்றால் முகவரித்துண்டை நோண்டாமல், வாசிப்பு அமைப்பில் ‘தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம்’ என்ற பொருளில் உள்ள கட்டத்தில் டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். தளம் கட்டும்போது போட்ட டிக்கை எடுக்க மறப்பது அடிக்கடி நடப்பது.

முகவரிக்குள் என்னவெல்லாம் போகக்கூடாது என்பதற்குத் தென்காசி நல்ல எடுத்துக்காட்டு. 2019 நவம்பர் 22-இல் தனி மாவட்டமாகும்வரை அது நெல்லை மாவட்டத்தில் இருந்தது. குற்றாலத்துப் பக்கத்தை ‘திருநெல்வேலி-மாவட்டம்/குற்றாலம்-அருவிகள்’ என்று வைத்திருந்தவர்களின் முகவரி மறுநாளே தப்பாகிவிட்டது. மாவட்டம், ஆண்டு, விலை, ‘புதிய’ என்ற சொல், வகைப்பிரிவின் பெயர் ஆகியவை எல்லாம் காலம் மாற்றக்கூடியவை. ‘குற்றாலம்-அருவிகள்’ மட்டும் இருந்திருந்தால் தொடவே வேண்டாம். பழைய முகவரி இப்படித் தப்பாக நிற்கிறதென்றால்? பக்கத்துக்கு ஆள் வந்துகொண்டிருந்தால் தலைப்பிலும் உள்ளேயும் ‘தென்காசி மாவட்டம்’ என்று திருத்திவிட்டு முகவரியை அப்படியே விடுங்கள். மாற்றியே தீரவேண்டும் என்றால் முதலில் 301, பிறகு தளத்துக்குள் இருக்கும் இணைப்புகள், தேடுபொறிக்காக முகவரிகளை அடுக்கித் தரும் தள வரைபடம். அதன்பின் சில வாரங்களுக்கு, தள உரிமையாளர்களுக்கான கருவியான கூகுள் சர்ச் கன்சோலின் பக்க அட்டவணை அறிக்கையில் 404 வரிசை கூடுகிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள்.